நாப்கின் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறோம்

ஆப்பிரிக்கக் கிராமத்துப் பெண்பிள்ளைகளின் மாதவிடாய் பற்றிப் பேச்சு வந்தாலே, "பாவம், நாப்கின் வாங்கக் காசில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். காசு பெரிய பிரச்சினைதான். ஆனால் கென்யாவைப் பாருங்கள். நாப்கின் மீதான வாட் வரியை 2004-லேயே நீக்கிய நாடு அது. (இந்தியாவில் நாப்கின் மீதான ஜிஎஸ்டியை நீக்க 2018 ஆனது.) 2017-ல், அரசுப் பள்ளியில் படிக்கும், வயதுக்கு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் இலவச நாப்கின் தர வேண்டும் என்று சட்டமே போட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 2019 செப்டம்பரில், பொமெட் கவுன்ட்டியில் 14 வயதுப் பிள்ளை ஒருத்திக்கு வகுப்பிலேயே சீருடையில் கறை பட்டுவிட்டது. அழுக்குப் பிடித்தவள் என்று டீச்சர் திட்டி வெளியே அனுப்பியதாக அவள் அம்மா சொன்னார். அன்றே அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். எனக்கு இதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சட்டம் இருந்தது. அவள் கையில் நாப்கின் இல்லை. இருந்திருந்தாலும் எங்கே போய் மாற்றுவது? பல கிராமப் பள்ளிகளில் குழிக் கழிப்பறைதான். கதவு இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது, உள்ளே தண்ணீர் இருக்காது. ஒட்டும் நாப்கினுக்கு நல்ல உள்ளாடை வேண்டும், அதுவே இல்லாத பிள்ளைகள் உண்டு. துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் நல்ல வழி. எத்தியோப்பியாவின் மெக்கெல்லேயில் ஃப்ரெவெய்னி மெப்ராத்து அதற்கென்றே ஒரு தொழிற்சாலை நடத்தியவர். ஆனால் துணியை அலசத் தண்ணீரும் சோப்பும் வேண்டும், வெயிலில் காயவைக்கக் கூச்சமில்லாத வீடு வேண்டும். யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைத்தால் ஈரம் காயாது, அப்புறம் அரிப்பு, தொற்று.

ருவாண்டா இதைச் சரியாகப் பிடித்தது என்பேன். அங்கே பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கென்று தனி அறை ஒதுக்குகிறார்கள். நாப்கின், சோப்பு, வலி மாத்திரை, கொஞ்சம் படுத்து எழுந்திருக்க ஒரு கட்டில். வயிற்றுவலி வந்தால் வீட்டுக்கு ஓடாமல், ஒரு பாடவேளைக்குப் பின் வகுப்புக்குத் திரும்பிவிடலாம்.

உதவிப் பணம் அனுப்பும் நண்பர்களே, பெட்டி பெட்டியாக நாப்கின் கொடுக்கும் படத்தைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அந்தப் பள்ளியில் தண்ணீர் வருகிறதா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, ஆசிரியர்களோடும் ஆண்பிள்ளைகளோடும் யாராவது உட்கார்ந்து பேசினார்களா என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு பணம் அனுப்புங்கள்.