தொங்கிப்போன சன் வைசர்

வேனில் வெயிலை மறைக்க முன்கண்ணாடிக்கு மேலே இருக்கிற சன் வைசர் இன்றைக்கும் விழுந்துவிட்டது. பாம்பன் பாலத்தின் உச்சியில், எதிரே பேருந்து வருகிற நேரம் பார்த்து, டப்பென்று கண்ணுக்கு முன்னால். இது எத்தனையாவது தடவை? எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

காலையில் ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே போனால் சூரியன் முகத்தில். சாயங்காலம் திரும்பினால் மறுபடியும் முகத்தில். பாலத்தில் 2 கிலோமீட்டருக்கு மேல் ஒரு மர நிழல் கிடையாது, கடலும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கிறது. சன் வைசர் இல்லாமல் எப்படி ஓட்டுவது? தொங்குகிற வைசரோடுதான் எப்படி ஓட்டுவது?

ரப்பர் பேண்டு போட்டேன். வழியில் உச்சிப்புளி ஊர் வெயிலில் இளகி அறுந்தது. டேப் ஒட்டினேன்; பசை உருகிக் கையெல்லாம் பிசுபிசுப்பு. அட்டையை மடித்துச் செருகினேன். மண்டபம் வருவதற்குள் மடியில் கிடந்தது. சரி, கழற்றியே பார்ப்போம் என்று உட்கார்ந்தால், உப்புக்காற்றில் துருப்பிடித்த திருகு அசையவே இல்லை. ஸ்குரூடிரைவர் வழுக்கி வழுக்கித் திருகின் தலையே மழுங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்துத்தான் கழற்றினேன். உள்ளே கம்பியைக் கவ்விப் பிடிக்கிற கிளிப், சுண்டுவிரல் அளவுத் தகடு, வாய் பிளந்து கிடக்கிறது. இத்தனை பாடும் இந்தத் துண்டுத் தகட்டுக்கா? குறடால் நெரித்து இறுக்கினேன். நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள், பாலம்.

கடையில் கேட்டால் பழைய வேனுக்கு உதிரி வராது, வண்டியை மாற்றுங்கள் என்கிறார்கள். இஞ்சினில் ஒரு குறை கிடையாது. ஒரு கிளிப்புக்காக வண்டியை விற்பதா?

நாளைக் காலையும் பாம்பனில் மீன் ஏற்ற வேண்டும். சூரியன் நேரெதிரே நிற்கும்.