கணக்கு இடித்தது ஆத்தாவின் நோட்டில் அல்ல

தேவகோட்டை வீட்டில் ஆத்தா தம் சர்க்கரை அளவுகளை எழுதி வைப்பது அப்பச்சி விட்டுச்சென்ற நீளமான கணக்கு நோட்டு ஒன்றில். இடப்பக்கம் தேதி, அடுத்து வெறும் வயிற்று அளவு, அதற்கடுத்து சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு. தவறிய நாளுக்கு ஒரு சிறு கோடு. பன்னிரண்டு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவுடன் இருக்கும் அவர், வீட்டு வரவு செலவு எழுதிய அதே கையால்தான் இதையும் எழுதுகிறார். சென்ற ஆண்டு அந்த நோட்டில் காலை அளவு 120 ஐ ஒட்டியும், சாப்பிட்ட பின் 165 ஐ ஒட்டியும் இருந்தபோது, ஆய்வகத்தில் எடுத்த மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1சி) மட்டும் அதற்கு ஒவ்வாமல் 7.6 சதவீதம் என்று உயர்ந்து வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர், "ஆச்சி, யாருக்கும் தெரியாமல் இனிப்புச் சாப்பிடுகிறீர்கள் போலிருக்கிறது" என்று சிரித்தார். அதற்கு முந்தின வாரம் வீட்டில் கந்தரப்பம் சுட்டிருந்ததால் நாங்களும் ஆத்தாவைச் சந்தேகித்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவருக்கு வேறு தொல்லைகளும் இருந்தன. ஓயாத அசதி, மலச்சிக்கல், காலையில் முகம் ஊதியிருப்பது, சித்திரை வெயிலிலும் வளவில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது, மாத்திரை போட்டும் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு ஏறிக்கொண்டே போவது. எல்லாவற்றையும் நாங்கள் சர்க்கரையின் பற்றிலேயே எழுதிக்கொண்டிருந்தோம். என் மனக்குறையே இதுதான்: ஒருவருக்கு நீரிழிவு என்று ஒருமுறை பெயர் எழுதிவிட்டால், அதன் பிறகு அவர் உடம்பில் நடக்கும் எதற்கும் வேறு காரணத்தை யாரும் தேடுவதில்லை.

காரைக்குடியில் பார்த்த இன்னொரு மருத்துவர் தைராய்டுப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் 19 என்று ஏறியிருந்தது, சுரப்பி தரும் டி4 ஹார்மோன் குறைந்திருந்தது. தைராய்டுச் சுரப்பி சோர்ந்துவிட்டால் எலும்பு மஜ்ஜையில் புதிய சிவப்பணுக்கள் உருவாகும் வேகமும் குறையும் என்றும், அதனால் ரத்தத்தில் வயதான அணுக்களின் பங்கு கூடும் என்றும் அவர் விளக்கினார். சர்க்கரை ஒட்டுவது அந்த அணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில்தான் என்பதால், நெடுநாள் சுற்றிய அணுவில் கூடுதலாக ஒட்டியிருக்கும். அன்றாடச் சர்க்கரை ஏறாமலேயே சராசரி சற்று உயர்ந்து காட்டும். தைராய்டு மாத்திரை தொடங்கி ஐந்து மாதம் கழித்து, நோட்டின் எண்கள் ஏறக்குறைய அப்படியே இருக்க, சராசரி 7.1 ஆனது. அந்த அரைப்புள்ளி முழுவதும் தைராய்டால் வந்ததென்று நான் சாதிக்க மாட்டேன். ஆத்தா திருட்டுத்தனமாகப் பணியாரம் தின்னவில்லை என்று மட்டும் சாதிப்பேன்.

இது வெறும் எண்ணோடு நிற்கும் சங்கதியும் அல்ல. தைராய்டு குறைந்தவர்களுக்கு இன்சுலின் உடலைவிட்டு நீங்குவது மெதுவாகும், கல்லீரல் சர்க்கரையை வெளியிடுவதும் தணியும். ஆகவே இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகலாம். தைராய்டு மிகுந்தால் நேர்மாறாக, கட்டுக்குள் இருந்த சர்க்கரை காரணமின்றி ஏறும்.

அதற்காக நீரிழிவு உள்ள எல்லோரும் ஆண்டுதோறும் தைராய்டு பார்க்க வேண்டும் என்பது என் கட்சி அன்று. முதல் வகை நீரிழிவும், பெரும்பாலான தைராய்டுக் குறைவும் உடலின் எதிர்ப்பு ஆற்றல் தன்னையே தாக்குவதால் வருபவை என்பதால், முதல் வகைக்காரர்களுக்கு அந்தச் சோதனை வழக்கமாகவே செய்யப்படுகிறது. இரண்டாம் வகையில் உறவு அவ்வளவு நெருக்கமானதன்று. ஆனால் ஐம்பதைக் கடந்த பெண், ஏறும் கொழுப்பு, விளங்காத அசதி, நோட்டோடு ஒத்துவராத சராசரி என்று இத்தனையும் சேர்ந்தால் கேட்காமல் இருப்பது பிழை. அதையும் சர்க்கரை 400 இல் நிற்கும்போதோ, காய்ச்சலில் படுத்திருக்கும்போதோ பார்க்கக் கூடாது. உடல் நலிந்த வேளையில் டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோன் தானாகவே குறைந்து காட்டும்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் எங்கள் தெருவிலேயே உண்டு. ஒருவருக்கு டி.எஸ்.எச். 5.8, டி4 சரியான அளவு, வயது 70. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஆயுளுக்கும் மாத்திரை. இப்படி டி.எஸ்.எச். மட்டும் லேசாக உயர்ந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரையால் அவர்களுடைய அசதி குறையவில்லை. இரண்டு, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்த பிறகு முடிவெடுத்தால் எதுவும் முழுகிப்போகாது.

மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு எங்கள் பக்கத்தில் பெரிய இடைஞ்சல் காபி; காபியோடோ கால்சியத்தோடோ போனால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. ஆத்தா முதல் இரண்டு மாதமும் தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினை விடியற்காலையில் டிகாக்‌ஷன் காபியோடு சேர்த்தே விழுங்கினார், டி.எஸ்.எச். 12 க்குக் கீழே இறங்கவில்லை. மருத்துவர் அளவைக் கூட்டப் போனார், நல்லவேளையாக எப்படிப் போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டார். இப்போது எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி, கால்சியம் மாத்திரை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. நோட்டில் புதிதாக இரண்டு பத்திகள் சேர்ந்திருக்கின்றன: மாத்திரை 5.00, காபி 6.00. காபிப் பத்தியில் சில நாள் 5.40 என்றும் இருக்கிறது; அதையும் மறைக்காமல்தான் எழுதியிருக்கிறார்.