சிட்டுக்குருவியும் செல்போன் டவரும்

செல்போன் டவர் கதிர்வீச்சால் நாடு முழுக்கச் சிட்டுக்குருவி அழிந்துவிட்டதாக ஒருவர் இங்கே பதிவிட்டிருக்கிறார். அக்கறையில் எழுதியதுதான், ஆனால் தகவல் சரியில்லைங்க.

பறவை ஆர்வலர்களின் பதிவுகளைத் தொகுத்து 2020இல் வந்த 'ஸ்டேட் ஆஃப் இந்தியாஸ் பேர்ட்ஸ்' (இந்தியப் பறவைகளின் நிலை) அறிக்கைப்படி, நாட்டளவில் சிட்டுக்குருவி எண்ணிக்கை 25 ஆண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. குறைந்திருப்பது சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில். அதற்கும் டவர்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே அறிக்கை சொல்கிறது. பூச்சி கிடைக்காததும் கூடு கட்ட இடமில்லாததும்தான் வலுவான சந்தேகங்கள். குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டும். புல்லும் புதரும் போய் எல்லாம் சிமென்ட் தரையானால் பூச்சிக்கு எங்கே போகும்? கூடு கட்ட ஓட்டு இடுக்கும் இல்லை, சுவர்ப் பொந்தும் இல்லை. (எங்கள் பழைய வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால்தான் கட்டும்!)

அறிக்கை இணையத்தில் இலவசம், சிட்டுக்குருவிக்குத் தனிப் பகுதியே உண்டு. பறவை ஆர்வலர்கள் தாங்கள் பார்த்ததைப் பதிவுசெய்யும் 'ஈபேர்ட்' இணையதளத்தில் சிட்டுக்குருவியையும் உங்கள் மாவட்டத்தையும் தேடினால், அதை எங்கெல்லாம் பார்த்திருக்கிறார்கள் என்பது வரைபடத்தில் தெரியும். அப்புறம், டவர் நிற்கும் ஏதாவது சிற்றூர் மளிகைக்கடைத் தெருவில் காலையில் ஒரு பத்து நிமிடம் நின்று, குருவி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.