கணக்குத் தொடங்குவது வேறு, பயன்படுத்துவது வேறு
இந்த விவாதத்தில் ஒருவர், போதிய பேர் கணக்குத் தொடங்காததால்தான் கூகுள் நிறுவனத்தின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் தோற்றது என்றும், புதிய வசதியைக் கட்டாயமாக்கினால் பயன்பாடு தானாக வந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறார். நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே கணக்குகளுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. 2013 நவம்பரில், யூடியூபில் கருத்து எழுதவே கூகுள் பிளஸ் கணக்கு வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டதால், கூகுள் பிளஸை ஒருநாளும் விரும்பித் திறக்காதவர்களும் அதன் பயனர் பட்டியலில் ஏறினார்கள். கடும் எதிர்ப்புக்குப் பின் 2015இல் நிறுவனம் அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. 2018 அக்டோபரில் மூடல் அறிவிப்பை வெளியிட்டபோது, பயனர் வருகைகளில் 90 விழுக்காடு ஐந்து நொடிகூட நீடிக்கவில்லை என்று கூகுளே ஒப்புக்கொண்டது.

நான் பொறுப்பில் இருந்த ஒரு வரவுசெலவுக் கணக்கு மென்பொருளிலும் புதிய அறிக்கைப் பக்கத்தை முகப்பாக மாற்றினோம். திறந்தவர்களின் எண்ணிக்கை ஒரே வாரத்தில் எகிறியது. ஒரு வாடிக்கையாளரின் அருகில் அமர்ந்து பார்த்தபோதுதான், பக்கம் முழுதாகத் தெரியுமுன்பே அவர் பழக்கதோஷத்தில் பழைய பட்டியலுக்குத் தாவுவது புரிந்தது (எங்கள் புள்ளிவிவர வரைபடத்தில் அதுவும் ஒரு பயன்பாடாகவே பதிவானது). அதன்பிறகு, அடுத்த வாரமும் தாமாகவே திரும்பி வந்தவர்களை மட்டுமே எண்ணத் தொடங்கினோம்.