லித்தியம் குளோரைடு வெறும் உப்பா?

“டிஎம்பி (டெட்ராமெத்தில்பிப்பெரிடின்) மெக்னீசியம் குளோரைடு காரத்தில் லித்தியம் குளோரைடு ஒரு கழிவு உப்பு, சேர்க்காவிட்டாலும் வினை அப்படியே நடக்கும்” என்ற குறிப்பு மாணவர்களிடையே சுற்றுகிறது. இது தவறு.

வினைபுரியும் சேர்மத்திலிருந்து புரோட்டானைப் பறிப்பது டிஎம்பி அமைடுதான் (மெக்னீசியத்தோடு இணைந்த நைட்ரஜன் பகுதி), அதுவரை சரி. ஆனால் உப்பு இல்லாத மெக்னீசியம் அமைடுகள் டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) கரைப்பானில் திரள்களாக ஒட்டிக்கொள்ளும், சரியாகக் கரையாது. வினை முடியப் பல மடங்கு காரம் தேவைப்படும். மிஞ்சும் காரம் அடுத்துச் சேர்க்கும் எலக்ட்ரோஃபைலையும் (எலக்ட்ரானை நாடும் வினைபொருள்) தின்றுவிடும். 2006இல் வேதியியலாளர் நோக்கெலின் குழு உப்பைச் சேர்த்தபோது திரள் உடைந்தது. ஐசோகுவினோலின் என்ற நைட்ரஜன் வளையச் சேர்மத்துக்கு 1.1 சமானம் காரம் (அதன் மோல் அளவைப்போல் 1.1 மடங்கு), 25 டிகிரி செல்சியஸ், 2 மணி நேரம் போதுமானதாயிற்று. 2008இல் வேதியியலாளர் மல்வியின் குழு வெளியிட்ட இந்தக் காரத்தின் படிக அமைப்பில், இரண்டு குளோரைடுகள் மெக்னீசியத்தையும் லித்தியத்தையும் பாலமாக இணைத்து நிற்பதைக் காணலாம். உப்பு காரத்தின் உறுப்பே.

தயாரிக்கும்போது ஐசோபுரொப்பைல் மெக்னீசியம் குளோரைடு–லித்தியம் குளோரைடு கரைசலில் 1.05 சமானம் டெட்ராமெத்தில்பிப்பெரிடின் சேர்த்து, 25 டிகிரியில் 24 மணி நேரம், புரொப்பேன் குமிழ் நிற்கும்வரை கலக்குங்கள். அவசரப்பட்டு நிறுத்தினால், மிஞ்சிய கிரிக்னார்டு (அதாவது ஐசோபுரொப்பைல் மெக்னீசியம் குளோரைடு), பின்னர் காரத்தோடு வினைபுரியும் சேர்மத்தில் கார்பன்–அயோடின் பிணைப்பு இருந்தால் அதைத் தாக்கும். காரத்தின் செறிவை பென்சோயிக் அமிலத்தால் அளக்கும் தரம்பார்த்தலில் அது தெரியாது, ஏனெனில் அதுவும் பென்சோயிக் அமிலத்தை நடுநிலையாக்கும்.

122 மி.கி. பென்சோயிக் அமிலத்துக்கு, 0 டிகிரியில், 0.85 மி.லி. காரக் கரைசல் செலவானால் அதன் செறிவு சுமார் 1.18 மோலார். உப்பை நீங்களே சேர்ப்பதானால் வெற்றிடத்தில் 150 டிகிரியில் உலர்த்துங்கள். அது ஈரத்தை வெகுவாக உறிஞ்சும்.

வினைபுரியும் சேர்மத்தில் நைட்ரோ, ஆல்டிஹைடு தொகுதிகள் இருந்தால், மெக்னீசியத்துக்குப் பதில் துத்தநாகம் கொண்ட டிஎம்பி காரமே நல்லது.