நர்சுகள் போகட்டும், சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?

குமரி மாவட்டத்து நர்சுகள் வெளிநாடு போவதைக் குறை சொல்லும் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. படிப்புக்கேற்ற சம்பளம் இங்கே இல்லை. வெளிநாட்டு வேலை என்ற நம்பிக்கையில்தான் எத்தனையோ வீடுகளில் கடன் வாங்கியாவது மகளை பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்க்கிறார்கள். பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வொன்றும் இதையே காட்டுகிறது: வெளியேறிய ஒவ்வொரு நர்சுக்கும் ஒன்பது பேர் கூடுதலாக உரிமம் பெற்றார்கள்.

என் கவலை, அந்தப் புதியவர்களுக்குச் சொல்லித்தருவது யார் என்பது.

வளைகுடா மருத்துவமனைகள் பெரும்பாலும் 2 வருட அனுபவம் கேட்கும். ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் அலாரம் ஏன் அடிக்கிறது என்று பிரித்தறியவே புதியவருக்குப் பல மாதங்கள் ஆகும். அழுத்தம் கூடினால் சளி அடைத்திருக்கலாம், குழாய் மடங்கியிருக்கலாம், நோயாளி இருமியிருக்கலாம். குறைந்தால் எங்கோ இணைப்பு கழன்றிருக்கும். இதை இன்னொருவருக்குக் காட்டிக்கொடுக்கும் தெளிவு வரும் நேரத்தில் விசாவும் வந்துவிடுகிறது. பிறகு வார்டுக்கு வரும் மாணவி போன வருடம் பாஸானவரைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

கல்லூரியிலும் இதே கதைதான். 10 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். ஆனால் எம்.எஸ்சி. முடித்த ஆசிரியரைவிட வளைகுடாவில் வார்டு நர்ஸ் பல மடங்கு சம்பாதிக்கும்போது யார் தங்குவார்கள்? அனுபவம் குறைந்த டியூட்டர்களே மிஞ்சுகிறார்கள். 500 மி.லி. டிரிப் 4 மணி நேரத்தில் ஏற, மி.லி.க்கு 20 துளி விழும் டிரிப் குழாயில் நிமிடத்துக்கு 42 துளி விழ வேண்டும். தாளில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் வரும். நோயாளி கையை மடக்கினாலோ ஸ்டாண்டின் உயரம் மாறினாலோ வேகம் மாறிவிடும், இடையிடையே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதைக் கட்டிலருகே நின்று ஒருவர் சொல்லித்தர வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் ரெக்கார்டு நோட்டு மட்டும் அழகாக நிரம்புகிறது.

பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, அதன் படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா, மூன்று வருடத்துக்கு மேல் அங்கேயே இருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்க விடாதீர்கள்.

போனவர்கள் மீது வரி போடலாம் என்று 1970களில் பொருளியல் அறிஞர் ஜகதீஷ் பகவதி யோசனை சொன்னார். கல்விக்கடன் கட்டும் பெண்ணின் தலையில் மறுபடி சுமை ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயத்தமான ஆளை வாங்கிக்கொள்ளும் மருத்துவமனைதான் செலவைத் தர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2010 நடத்தை நெறியும் ஆளெடுக்கும் நாடுகள் அனுப்பும் நாடுகளுக்குக் கைகொடுக்கச் சொல்கிறது, ஆனால் அது கட்டாயமில்லை. பக்கத்துக் கேரளத்தில் வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான அரசு அமைப்பான நோர்க்கா வழியாக ஜெர்மனி போகும் நர்சுகளுக்கு மொழிப் பயிற்சி இலவசம். மொழிக்குச் செலவழித்து ஆளெடுக்க முடிகிறவர்களால் ஆசிரியர் சம்பளத்துக்கும் தர முடியும்.

நம் மாநிலத்தில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்சுகளை அனுப்புகிறது. வெளிநாட்டு மருத்துவமனை இத்தனை பேரை எடுத்தால், நம் மாவட்டத்து ஆசாரிப்பள்ளம் போன்ற அரசு மருத்துவமனையில் மாணவிகளுக்குச் சொல்லித்தர மட்டுமே ஒரு மூத்த நர்ஸ், அவருக்கு இரண்டு வருடச் சம்பளத்தை அந்த வெளிநாட்டு மருத்துவமனையே தர வேண்டும் என்ற நிபந்தனையை அதன் ஒப்பந்தத்தில் எழுதலாம். அந்த நர்சை வேறு டியூட்டிக்கு இழுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.