திரும்பப் புதைத்தவர்கள்

நாலு நாளைக்கு முன்னால் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ஆதிச்சநல்லூர் போயிருந்தேன். கண்ணாடித் தரைக்குக் கீழே கிடக்கிற முதுமக்கள் தாழிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவன், "குண்டு போட்டா இதையெல்லாம் எங்க மாமா தூக்கிட்டுப் போவாங்க?" என்றான். தினமும் செய்தியில் போர் பார்க்கிற பிள்ளை, வேறென்ன கேட்பான்.

தூக்க முடியாததைத் திரும்ப மூடிவிடுவார்கள் என்றேன். அவன் நம்பவில்லை.

நிஜமாகவே செய்திருக்கிறார்கள். லெபனானில் 1975-ல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, பெய்ரூட் அருங்காட்சியகம் சண்டைக்காரர்களின் எல்லைக்கோட்டிலேயே மாட்டிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்ட தொல்லியல் ஆய்வாளர் மொரிஸ் ஷெஹாபும் அவர் மனைவி ஓல்காவும் சின்னப் பொருட்களை நிலவறையில் வைத்துச் சுவர் எழுப்பினார்கள். கல் சவப்பெட்டிகளைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு மறைத்தார்கள். தோண்டி எடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட மனுஷன் தன் கையாலேயே மூடுவதென்றால் எப்படி இருந்திருக்கும்! 15 வருஷம் ஓடிப் போர் ஓய்ந்தது. அப்புறம் கான்கிரீட்டை உடைத்தபோது பெட்டிகள் உள்ளே பத்திரமாக இருந்தன. நிலவறைக்குள்தான் தண்ணீர் ஏறியிருந்தது.

காபூலிலும் அப்படித்தான். வடக்கு ஆப்கானிஸ்தானில் தில்யா தெபெ என்ற பழைய புதைமேட்டில் சரியானிதி என்ற சோவியத் ஆய்வாளர் 1978-ல் கண்டெடுத்த தங்கம், 20,000 உருப்படிக்கு மேல். அதை வங்கிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, தெரிந்தவர்கள் வாயே திறக்கவில்லை. தலிபானின் முதல் ஆட்சி 2001-ல் முடியும்வரை. 2004-ல் திறந்தபோது, ஒரு நகையில் தான் முன்பு கம்பி வைத்து ஒட்டுப்போட்ட இடத்தைச் சரியானிதியே அடையாளம் கண்டார்.

சிரியாவின் பழைய நகரமான பல்மைராவைக் காத்துவந்த தொல்லியல் ஆய்வாளர் காலித் அல்-அசாத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மகளுக்கு அந்த ஊரின் பழைய ராணி ஜெனோபியாவின் பெயரை வைத்தவர். 2015 ஆகஸ்டில், 80 வயது தாண்டிய அவரை ஐஎஸ் தீவிரவாதிகள் கொன்றார்கள்.

இவர்களைத் தியாகி என்று கும்பிட்டுவிட்டு நகர்வது சுலபம். எனக்கு அவர்களுடைய நோட்டுப் புத்தகம்தான் முக்கியமாகப் படுகிறது. இன்னது இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், தொலைந்ததைத் தேடக்கூட ஆள் இருக்காது. இங்கே ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மன்காரர் தோண்டி பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னால் வந்த ஆங்கிலேய ஆட்சியின் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ, எடுத்ததையெல்லாம் பட்டியல் போட்டார். அது 1915-ல் அச்சானது. வெள்ளைக்காரர்கள் மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு, ஆனால் அந்தப் பட்டியலுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

போன கோடையில் எங்கள் ஊர்ப் பக்கம் ஜேசிபி மண் அள்ளும்போது ஒரு தாழி உடைந்தது. உள்ளே சின்னக் கலயம் ஒன்று. யாரோ எடுத்துப் போனார்கள். நானும் அங்கேதான் நின்றேன், கையில் போனோடு. ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை.